ராத்தாவின் எம் புரதம்

ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவிய அந்தத் தட்டு இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. உள்ளங்கை அளவுப் பிளாஸ்டிக் தட்டில் ஆறு குழிகள். ஆறும் கரையிலிருந்து கரைவரை ஊதா. குழிகளின் அடியில் நாங்கள் வளர்த்த உயிர்க்கலங்களை டெங்கு வைரஸ் கொன்ற இடங்களில் சாயம் ஒட்டாது, வெள்ளைத் துளைகளாகத் தெரியும். துளை இல்லையென்றால் வைரஸ் இல்லை. டெங்கு வந்துவிடக் கூடாதே என்று கண்டி முழுவதும் பயந்துகொண்டிருக்கையில், ‘ஐயோ, வரவில்லையே’ என்று முகம் வாடுகிற கூட்டம் டெங்குவை ஆராய்கிற நாங்கள் மட்டும்தான். ஆனால் ராத்தா அந்தத் தட்டை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார்.

ராத்தா அக்குறணைக்காரி. அவருடைய தங்கைகள் தொலைபேசியில் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, யாழ்ப்பாணத்தில் பிறந்த நானும் அக்கா என்பதை விட்டுவிட்டு ராத்தா என்றே அழைக்கத் தொடங்கினேன். ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே பேராசிரியரின் கீழ், இருவரும் கலாநிதிப் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தோம். நான் வளர்த்தது சாதாரண டெங்கு வைரஸ். அதன் மேலுறையில் இரண்டு புரதங்கள் உண்டு. பெரியதைப் பற்றி உலகமே பேசும். அதற்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் சின்னது எம் (M) புரதம். அதை அவ்வளவாக யாரும் கணக்கெடுப்பதில்லை. புது வைரஸ் ஒன்று உருவாகும்போது பாகங்களைச் சேர்த்துப் பிடிப்பதே இந்தச் சின்னதுதான் என்பது ராத்தாவின் வாதம். அதை நிறுவ, தன் வைரஸின் எம் புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலத்தை மாற்றிவிட்டார். அதன் பிறகும் கலங்களுக்குள் வைரஸின் புரதங்கள் எல்லாம் உருவாகின. நுண்நோக்கியில் பச்சையாக மின்னின. வெளியே ஒரு வைரஸ் கூட வரவில்லை. கல்லும் மண்ணும் வந்து இறங்கியும் வீடு எழும்பாத கதை. ராத்தா சிரித்ததற்குக் காரணம் அதுதான்.

அந்தக் கலங்களை அவர் விடாமல் வளர்த்துக்கொண்டே போனார். ஒரு நாள் ஒரு குடுவையிலிருந்து எடுத்த மாதிரியில் துளைகள் விழுந்தன. பேராசிரியர் வந்து பார்த்தார். அதே இன்கியுபேட்டரில் இருந்த என் குடுவைகளையும் பார்த்தார். ‘கலப்பு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். என் வைரஸ் ராத்தாவின் குடுவைக்குள் தொற்றிவிட்டது என்று அர்த்தம். எங்கள் தொழிலில் அதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. எல்லாவற்றையும் அழித்துக் கழுவிவிட்டு, எம் புரதத்தையும் விட்டுவிட்டு, வேறு தலைப்பு எடுக்கச் சொன்னார். ராத்தாவின் புலமைப்பரிசில் முடியப்போகிற நேரம் அது. வேறு தலைப்பென்றால் பட்டமே இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வைரஸ் அப்படி ஒன்றும் ஒழுக்கம் கெட்டதில்லை.

“ஒங்கட ஆள் எங்கட வீட்டுக்கு வந்தீப்பாரோ?” என்று என் வைரஸைக் காட்டிக் கேட்டார் ராத்தா.

“வந்தால் சொல்லிப்போட்டுத்தான் வருவார்,” என்றேன்.

சிரித்தோம். பிறகு ராத்தா தன் குடுவையைக் கையில் எடுத்தார்.

“கழுவத்தானே வேணும், கழுவுவோம். அதுக்கு முந்தி உள்ளுக்கு ஈக்கிறது யாரெண்டு பாப்போம்,” என்று சொல்லி, அந்த வைரஸின் மரபணு வரிசையை எழுத்து எழுத்தாகப் படித்துத் தரும்படி வெளி ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பினார். என் வைரஸ்தான் என்றால், அவர் மாற்றிய இடத்தில் பழைய எழுத்து இருக்கும். அத்தோடு எல்லாம் முடிந்தது.

முடிவு வந்த பின்னேரம் ராத்தா அக்குறணை பஸ்ஸில் இருந்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகன நெரிசல். கைபேசியின் சின்னத் திரையில் ஒன்றும் பிடிபடாமல் எனக்கு அழைப்பு எடுத்தார். நான் ஆய்வுகூடக் கணினியில் கோப்பைத் திறந்தேன்.

“நான் மாத்தின எடம் எப்பிடி ஈக்கிது?”

“நீங்கள் மாத்தினபடியே கிடக்கு ராத்தா. பழையது திரும்பி வரேல்ல.”

ஹோர்ன் சத்தத்துக்கு மேலால் ராத்தாவின் குரல் வந்தது.

“அப்ப ஒங்கட வைரஸ் இல்ல. எம் புரதத்தில மத்த எடங்களயும் பாருங்க.”

பார்த்தேன். அதே எம் புரதத்தில், கொஞ்சம் தள்ளி, இன்னொரு எழுத்து மாறியிருந்தது. என் வைரஸில் இல்லாத மாற்றம். ராத்தா செய்யாத மாற்றம். கால் முறிந்தவன் ஊன்றுகோல் தேடிக்கொண்டதுபோல, வைரஸ் தானே தனக்கு வழி செய்துகொண்டிருந்தது. எம் புரதம் இல்லாமல் காரியம் நடக்குமென்றால், அதைச் சரிக்கட்ட வைரஸ் ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? கண்டதைச் சொன்னேன். “அல்ஹம்துலில்லாஹ், என்ட டெங்கு தான்,” என்று ராத்தா போட்ட சத்தத்தில், பக்கத்து ஸீட்டில் இருந்த அம்மா எழுந்து பின்னால் போய்விட்டாராம்.

அடுத்த கூட்டத்தில் பேராசிரியர் அந்த வரிசையை நெடுநேரம் பார்த்தார். யார் பேசினாலும் பாதியில் வெட்டிவிடுகிற மனிதர். தான் சொன்னது பிழை என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, முதலிலிருந்து சொல்லும்படி ராத்தாவிடம் கேட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். ராத்தா அவசரப்படவேயில்லை. தேநீர் ஆறிப்போனது. எனக்கு ஏற்பட்ட பெருமை சொல்லி முடியாது. பட்டம் எனக்கே கிடைத்ததுபோல இருந்தேன்.

இப்போது ராத்தாவுக்குச் சொந்தமாக ஓர் ஆய்வுகூடம் இருக்கிறது. நான் பழைய இடத்திலேயே படிப்பிக்கிறேன். போன வாரம் எங்கள் பழைய ஆய்வுகூடத்தில் எம் புரதப் பாடத்தை எடுத்தபோது, தெல்தோட்டையிலிருந்து வருகிற மாணவி ஒருத்தி கேட்டாள்: “இதெல்லாம் எந்த நாட்டுல கண்டுபிடிச்சாங்க மிஸ்?”

“இஞ்சதான். இந்த அறையில,” என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லோரும் நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார்கள்.