ஈரத்தில் காய்கிற பேனா

பேனா ஒரு பட்டு உறைக்குள் இருக்கிறது. நீல நிற உறை, வாயைச் சுருக்கிக் கட்ட ஒரு கயிறு. பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். தினமும் எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பேன். எழுத எனக்கு அதிகம் ஒன்றும் கிடையாது. ஐந்தாவது வரை படித்தவள். பேரன் பள்ளிக்கூடத்தில் எப்போதாவது ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். இருந்தாலும் எடுப்பேன். என் கைக்கு வந்த அன்று அது கன்னங்கரேல் என்று இருந்தது. எங்கே திருப்பிப் பார்த்தாலும் கறுப்பு.

அது டிராயிங் சாருக்காகச் செய்த பேனா. தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வண்டிக்கு உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனி ஆபீசில் டீ போடுகிற வேலையில் இருந்தேன். பாகத்தை வார்த்தெடுக்க எந்த அச்சு செய்வதானாலும் முதலில் டிராயிங் சார் அதைத் தாளில் வரைந்து தரவேண்டும். அப்போது அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. சாய்த்து வைத்த பெரிய பலகை, நீள ஸ்கேல், பென்சில். அவர் கோடு போட்டால் தலைமுடியை ஒட்டிவைத்த மாதிரி இருக்கும். வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார், அதே பஸ்ஸில் போவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்கு இருந்த ஒரே பித்து ஜப்பான் பேனா. வாலிப வயதில் கம்பெனி அவரை அங்கே பயிற்சிக்கு அனுப்பியதாம். ஏதோ ஒரு சந்தில் வீட்டோடு பட்டறை வைத்திருந்தவரிடம் முதல் பேனாவை வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு மிஷின் பூட்ட அங்கிருந்து எந்த இன்ஜினியர் வந்தாலும் ஒரு பேனா சொல்லிவைப்பார். ஒன்று வந்தால் அடுத்ததற்கு வருஷக்கணக்கில் காத்திருப்பார். எங்கள் அட்டெண்டருக்கு இது தாங்காது. “பேனா வாங்கற துட்டுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கினீங்கன்னா பஸ்ஸு பின்னாடி ஓட வேணாமே சார்” என்பான். “ஸ்கூட்டரச் சட்டைப் பையில சொருவ முடியுமாய்யா?” என்பார் சார்.

ஒரு நாள் டீ கொண்டுபோனபோது பேனாக்களைத் துணியில் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றில் பொன்தூளில் மீன். இன்னொன்றில் சிப்பித் துண்டுகளைப் பொடியாக நறுக்கிப் பதித்திருந்தது. “அரக்கா சார்?” என்று கேட்டேன். “நம்ம அரக்கு இல்லம்மா, மரத்துப் பால். மரத்தைக் கீறினா வடியும். பச்சையாத் தொட்டா கையெல்லாம் கொப்புளம். காஞ்சுட்டா ஒண்ணும் பண்ணாது. ஒரு பூச்சு பூசிக் காயவச்சு, தேச்சு, அது மேல இன்னொரு பூச்சு. இப்படியே ஒரு பேனாவுக்கு மாசக்கணக்கா ஆகும்” என்றார். “வெயில்ல வச்சா சீக்கிரம் காயுமே சார்” என்றேன். எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் நெல்லிலிருந்து மிளகாய் வரை வெயிலில் காய்வதுதான். அவர் சிரித்துவிட்டார். “இது வெயில்ல காயாது. ஈரத்துலதான் காயும். தண்ணி தெளிச்ச பெட்டிக்குள்ள வச்சு மூடிடுவாங்க.” ஈரத்தில் எது காயும்? என்னைக் கேலி செய்கிறார் என்றே அன்றைக்கு நினைத்தேன்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதுப் பேனா வந்தால் அதில் முதலில் எழுதுவது எதிரில் நிற்பவர் பேர்தான். அது மேனேஜரோ லோடு இறக்குகிறவரோ, யாராக இருந்தாலும் சரி. அந்த மீன் பேனாவை முதன்முதலில் பிரித்த அன்று எதிரில் டீத்தட்டோடு நின்றது நான்தான். என் பேரை எழுதி, காயவிட்டு, தாளைக் கொடுத்தார். என் பேரை அவ்வளவு அழகாக நான் எங்கேயும் பார்த்ததில்லை. ரேஷன் கார்டிலே அது தப்பாகத்தான் இருந்தது.

கை நடுக்கம் எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது. எனக்குச் சத்தத்தில்தான் தெரிந்தது. அவர் கப்பை எடுக்கும்போது சாஸர் கடகடவென்று ஆடும். முதலில் எப்போதாவது. பிறகு தினமும். கோடு போடும்போது மணிக்கட்டை ஸ்கேலோடு அழுத்திக்கொண்டு சமாளித்தார். கப்பை அப்படி அழுத்த முடியாது. அடுத்த நாளிலிருந்து அவருக்கு மட்டும் அரை கப் ஊற்றினேன். ஆடினாலும் சிந்தாது. அட்டெண்டர் சும்மா இருப்பானா? “இன்னா யக்கா, டிராயிங் சாருக்கு மட்டும் அரை கப்பு? மீதிப் பாலு நேரா உன் வூட்டுக்குப் போவுதா?” என்றான். “ஆமா, எருமை வாங்கிக் கட்டப்போறேன். போய் வேலையப் பாருடா” என்றேன். சார் இரண்டு மூன்று நாள் கப்பைப் பார்த்தார். ஒரு நாள் என்னையும் பார்த்தார். “இதுவே போதும்மா” என்றார்.

நான் அரை கப் ஊற்ற ஆரம்பித்ததற்கு முந்தைய வருஷமே ஒரு பேனா சொல்லி வைத்திருந்தார். மீன் இல்லை, பொன் இல்லை, வெறும் கறுப்பு. “அடியில சிவப்பு பூசி, மேல கறுப்பாப் பூசுவாங்க. புதுசுல சிவப்பு தெரியாது. கையில வச்சு எழுத எழுத, வருஷம் போகப் போக, கறுப்பு தெளிஞ்சு சிவப்பு மேல வரும்” என்றார். “எத்தினி வருசம் சார் ஆவும்?” என்று கேட்டேன். “அது எழுதறவன் கையைப் பொறுத்தது” என்றார். மேஜை மேல் இருந்த தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “பேனா வர்ற வரைக்கும் இது தாங்கணும்மா” என்றார். மழைக்காலத்தில் வரும் இன்ஜினியர் கொண்டுவருவதாகப் பேச்சு. டீ கொடுக்கும்போதெல்லாம் நானும் அந்தக் கையைத்தான் பார்ப்பேன்.

ஆடி மாதம் எங்கள் ஊரில் கூழ் ஊற்றினார்கள். ஒரு நாள் லீவு போட்டேன். அன்றைக்கென்று ஹெட் ஆபீஸ் ஆட்கள் வந்திருந்தார்கள். புது அச்சின் படத்தை மேஜையில் விரித்து சார் விளக்கிக்கொண்டிருந்தாராம். டீ ஊற்றியது அட்டெண்டர். மறுநாள் அவனே வந்து சொன்னான். “அவ்ளோ பெரிய ஆளுங்க எதிர்ல நம்ம சாருக்கு அரை கப்பு குடுத்தா மரியாதையா கீதா யக்கா? அதான் தளும்பத் தளும்ப ஊத்தினேன்.” கப் ஆடி, டீ முழுக்கப் படத்தின் மேல் கொட்டிவிட்டது. சார் கைக்குட்டையால் ஒற்றப் பார்த்திருக்கிறார். துணியைப் பிடித்த கை இன்னும் அதிகமாக ஆடியிருக்கிறது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். சொல்லி முடிப்பதற்குள் அட்டெண்டர் அழுதுவிட்டான். அவனை என்ன சொல்வது? மரியாதைக்குத்தானே ஊற்றினான். அந்த மாதக் கடைசியில் சாரை வீட்டில் இருந்து உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அதுவும் மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

ஐப்பசியில் நல்ல மழையில் ஜப்பான்காரர் வந்தார். வந்ததும் சாரைக் கேட்டார். ஆபீசில் விஷயத்தைச் சொல்லி, பேனாவைக் கொடுங்கள், அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். அவர் பேனாப் பெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. நான் ஏற்கெனவே ஒரு தடவை சாரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததால் வீடு எனக்குத் தெரியும். கம்பெனி ஜீப்பில் என்னையும் ஏற்றி அனுப்பினார்கள். வாலாஜாபாத் போகிற வரை மழை விடவில்லை. ஜப்பான்காரர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் செருப்போடு செருப்பாகத் தன் பூட்ஸைக் கழற்றிவைத்தார். இரண்டு கையாலும் பெட்டியை நீட்டிக் குனிந்தார். சார் இரண்டு கையாலும் வாங்கினார். பெட்டி ஆடியது. அன்றைக்கு அவர் அதை மறைக்கவில்லை.

மூடியை நான் திருகித் திறந்தேன். சாருடைய மனைவி பில்லரால் மை ஊற்றினார். சார் தாளை இழுத்துவைத்துக்கொண்டார். முள் தாளில் பட்டதும் துள்ளியது. ஒரு புள்ளி, ஒரு கீறல், இன்னொரு புள்ளி. எழுத்தாக ஒன்றும் வரவில்லை. பேனாவை என் பக்கம் நீட்டினார். “நீ எழுதும்மா.” “யாரு பேரு சார்?” என்றேன். “எதிர்ல யாரு இருக்கா?” என்றார். அப்போதுதான் தெரிந்தது, அத்தனை நாளில் அவர் பேரை நான் சொல்லியதும் இல்லை, எழுதியதும் இல்லை. எல்லாருக்கும் அவர் டிராயிங் சார். ஒவ்வொரு எழுத்தாக அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கோணலாகத்தான் வந்தது. அவர் தாளைக் கையில் எடுக்கவில்லை. மேஜையில் இருந்தபடியே குனிந்து பார்த்தார். “கோடு நடுங்கல” என்றார். ஜப்பான்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாருடைய மனைவி மையைத் துடைக்கத் துணி கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனார். வர நேரமாயிற்று.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. சில வருஷம் கழித்து அவருடைய மகள் கம்பெனி கேட்டில் வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினாள். துக்க வீட்டிலிருந்து வந்த மாதிரி நெற்றியில் ஒன்றும் இல்லை. சார் போய்விட்டார் என்று பார்த்ததும் தெரிந்துகொண்டேன். இந்த நீல உறையைக் கொடுத்தாள். “மத்த பேனாவெல்லாம் அம்மா பெட்டியில வச்சிருக்காங்க. இதை மட்டும் உங்ககிட்ட குடுக்கச் சொன்னார் அப்பா. பெட்டியில போடாம கையில வச்சுக்கணுமாம்” என்றாள். சரிம்மா என்றேன். உட்காரவைத்து டீ கொடுத்தேன். முழுசாக ஊற்றிக் கொடுத்தேன். அவள் போனபிறகு பாத்திரம் கழுவினேன். அழுகை வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை.

என் மகன் இப்போது ஒரகடத்தில் கார் கம்பெனியில் இருக்கிறான். மருமகளும் ஷிப்டுக்குப் போகிறாள். போன வாரம் வேலை முடிந்து வந்தவள், நான் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூடியின் விளிம்பில், விரல் படுகிற இடத்தில், கறுப்பு விலகி மாதுளம்பழத் தோல் மாதிரிச் சிவந்திருக்கிறது. நான் அதைக் கவனித்தது ரொம்ப நாளைக்கு முன்பே. போய்ச் சொல்ல ஆள் இல்லை.

“இன்னா அத்த, சாயம் போயிருச்சே. இத்தப் போயி தெனம் புடிச்சினு உக்கார்ற. வேற ஒண்ணு வாங்கினு வரச் சொல்லட்டா?” என்றாள்.

பேனாவை வாங்கி உறையில் போட்டுக் கயிற்றை இழுத்தேன்.

“சாயம் போவலம்மா” என்றேன். “வருது.”