ஏழு இருக்கைத் தீர்மானம்

எங்கள் கார் வெள்ளை நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்ற தீர்மானம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெல்போர்னில் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கும் சிவகாசியில் மாமனார் வீட்டு ஹாலுக்கும் இடையே நடந்த வீடியோ காலில் நிறைவேறியது. ஆதரவு ஐந்து, எதிர்ப்பு ஒன்று. ஆதரித்தவர்களில் ஒருவர் மாமனாரின் பக்கத்து வீட்டுக்காரர். பேப்பர் வாங்கிப் போக வந்தவர். எதிர்த்தவன், காரை வாங்கப் போகிறவன்.

ஆறு வருடம் ஆகிறது. எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

அப்போது நாங்கள் இங்கே வந்து நான்கே மாதம். நானும் வாசுகியும் இரண்டு மகள்களும், அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு டிராமில் போய்வந்த காலம். ஒரு சனிக்கிழமை, ஷோரூமில் ஒரு சிவப்புக் காரை ஓட்டிப் பார்த்தேன்.

உள்ளே வெயில் பட்ட ரப்பர் வாசனை... கியரைத் தள்ளினால் உள்ளங்கையில் சின்னதாக ஒரு தட்டு. மேலே கண்ணாடிக் கூரை. இரண்டாவது வளைவில் பெரியவள் "அப்பா, இன்னொரு தடவை" என்றாள். சின்னவள் தலைக்கு மேல் ஓடிய மரக்கிளைகளை எண்ணிக்கொண்டே வந்தாள். நான்கு பேருக்கு நான்கு கதவு, பின்னால் ஒரு வாரத்து மளிகைக்கு இடம். குடும்பஸ்தனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதில் ஒரு பழைய கணக்கும் இருந்தது. சிவகாசியில் பன்னிரண்டு வருடம் மாமனாரின் அச்சகத்துக்கு ஆர்டர் எடுத்தவன் நான். கம்பெனி கார் வெள்ளை. பின்சீட்டில் காலண்டர் சாம்பிள் ஆல்பங்கள், டிக்கியில் பட்டாசு லேபிள் கட்டுகள். விருதுநகருக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் எத்தனையோ தடவை போய்வந்தும், பின்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தவன் இல்லை. கல்யாணமான புதிதில் வாசுகியைக் குற்றாலம் கூட்டிப் போனபோதுகூட, வழியில் ஆர்டர் தரும் பார்ட்டிகள் மூன்று பேரைப் பார்த்துவிட்டுத்தான் போனோம். எங்கள் பக்கம் இரண்டே வகைக் கார்... லோடு ஏற்றியது, லோடு ஏற்றப் போவது.

வாழ்நாளில் ஒரு தடவை, ஓட்டுவதற்கென்றே ஒரு கார். அவ்வளவுதான் கேட்டேன்.

வீடியோ காலில் படத்தைக் காட்டினேன். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டினார்.

"ஏன் மாப்ள, டிக்கில எத்தன பெட்டி போகும்?"

"எந்தப் பெட்டி மாமா? இங்க நான் எதை ஏத்தப் போறேன்?"

"ஒரு பேச்சுக்குக் கேட்டேன். பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் நாலு அடங்குமா?"

மச்சினன் கதிர் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "அத்தான், இது காரு இல்ல. காருக்கு ஆர்டர் புடிக்கக் கொண்டு போற சாம்பிளு."

வாசுகி சிரித்தாள். என் பக்கம் நின்றிருக்க வேண்டியவள்.

"செவப்பு வேணாம் மாப்ள," என்றார் மாமா. "நாளைக்கு விக்கப் போனா வெள்ளைக்குத்தான் கிராக்கி."

"நான் ஓட்டுறதுக்கு வாங்குறேன் மாமா. விக்கிறதுக்கு இல்ல."

"வாங்கும்போது எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக."

இதற்கெல்லாம் நான் அசைந்திருக்க மாட்டேன். அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தார்.

"அது சரி... நாங்க அங்கன வந்தா எதுல உக்காருவோம்?"

"வருவீகளா அத்தை?"

"வராம? பேத்திகள எம்புட்டு நாளைக்குப் போன்லயே பாக்குறது? நாங்க ரெண்டு பேரும் வாரோம். விருதுநகர்ல ஒங்க அப்பா ஒத்தையிலதான இருக்காக, அவுகளையும் கூட்டிக்கிட்டு வாரோம்."

"எப்ப?"

"இந்த சீசன் முடியட்டும்," என்றார் மாமா.

மகள்கள் இருவரும் நாற்காலி மேல் ஏறிக் குதித்தார்கள். சிவப்புக் காரின் கதை அந்த நிமிடத்தோடு முடிந்தது.

அடுத்த வாரம் ஏழு பேர் உட்காரும் வெள்ளை வேன் வாசலில் நின்றது. கியர் மாற்றும் வேலையே கிடையாது. ஸ்டியரிங்கைத் திருப்பினால், யோசித்துவிட்டுத் திரும்பும்.

தீபாவளி முடிந்தது. "காலண்டர் ஓடிக்கிட்டு இருக்கு மாப்ள, பொங்கல் தாண்டட்டும்" என்றார் மாமா. பொங்கல் தாண்டியதும் பள்ளிக்கூட நோட்டு ஆர்டர் வந்துவிட்டது. நோட்டு லோடு கிளம்பிய கையோடு, மறுபடி பட்டாசு லேபிள். என் அப்பாவோ, "சம்பந்தியோட வாரேன்னுதானப்பா சொன்னேன், நான் மட்டும் எப்படி வர?" என்று முடித்துக்கொண்டார்.

யார் மேல் கோபப்படுவது? அந்த ஊரில் சீசன் முடிவதே இல்லை என்பது எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருடம் "சீசன் முடியட்டும்" என்று சொல்லி வாசுகியின் பிறந்தநாள்களைத் தள்ளிப்போட்டவன் நான். அதே வார்த்தையை என்னிடம் சொன்னபோது, விமான டிக்கெட்டையே கையில் கொடுத்த மாதிரி வாங்கி வைத்துக்கொண்டேன்.

போன மாதம் கதிர் கார் வாங்கினான். சின்னது. சிவப்பு. "டவுனுக்குள்ள ஓட்ட இதுதான் அத்தான் வசதி" என்றான், கூசாமல். மாமாவும் அத்தையும் அதில் உட்கார்ந்து எடுத்த படமும் வந்தது. டிக்கியில் எத்தனை பெட்டி போகும் என்று அவனை யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை.

அப்போதெல்லாம் வேனில் ஏறினாலே, "ஏர்போர்ட்டுக்கா போறோம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இப்போது பெரியவள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஏறுகிறாள். சின்னவளும் கேட்பதில்லை.

போன வாரம் வேனை சர்வீஸுக்கு விட்டேன். பிரேக் பேடு மாற்ற வேண்டும் என்றார்கள். கடைசி வரிசை சீட் பெல்ட்டுகள் இரண்டிலும் தேய்மானம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.