சொஜ்ஜி, பஜ்ஜி, சார்ஜ்

கோபாலபுரத்துக்குள் நுழைந்தபோது என் மின்சாரக் காரின் பேட்டரி உயிரை விட்டுக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டுவிட்டு, ஒரு பங்களா வாசலை அடைத்தாற்போல் காரை நிறுத்தி, மணியை அழுத்தினேன்.

"வாங்கோ, வாங்கோ! உங்களுக்காகத்தான் காத்துண்டிருக்கோம்" என்று அந்த வீட்டுக்காரர் என்னை உள்ளே இழுத்துப்போய் உட்கார வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சொஜ்ஜியும் பஜ்ஜியும் வந்துவிட்டன. நல்ல பசி. சாப்பிட்டேன்.

"மாப்பிள்ளை பின்னாடி வராரா?"

பெண் பார்க்கும் வீடு என்று அப்போதுதான் உறைத்தது. "நான் காருக்குச் சார்ஜ் போட வந்தேன் சார். ஒரு பிளக் கிடைக்குமா?"

பட்டுப்புடவையில் நின்ற பெண் மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள். நான் வெளியே போய் நீட்டிய சார்ஜர் ஒயரை ஜன்னல் வழியாக வாங்கி அவளே பிளக்கில் செருகினாள்.

நான் திரும்பி வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் நிஜ மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து ஹாரன் அடித்தார்கள். பதறிப்போய் காரை நகர்த்த எழுந்தேன்.

"அவசரமே இல்லை மாமா" என்றாள் அவள் மெதுவாக. "ஃபுல்லா ஏறட்டும்."

அவர்கள் தெருமுனையில் நிறுத்திவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்தார்கள். நான் இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டேன்.