ஆறு வாரத்துக்கு ஒரு வாய்

பல் மருத்துவமனையின் பின்னறையில் அவள் ஒன்பது வருஷமாகக் கருவி கழுவினாள். பாத்திரம் கழுவுகிற மாதிரி ஏனோதானோ என்று செய்கிற வேலை இல்லை அது. ஊறவைக்க வேண்டும், சின்ன பிரஷால் தேய்க்க வேண்டும், பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து முனையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு காகித உறையில் போட்டு ஒட்டி, தேதி எழுதி, நீராவிப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். அந்தப் பெட்டி நாள் முழுக்கப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அதனால் அங்கே எல்லாரும் அவளை ஸ்டீம் அக்கா என்றார்கள். நாலு வருஷமாகக் கூட வேலை செய்யும் ரிசப்ஷன் பெண்ணிடம் அக்காவின் சொந்தப் பெயரைக் கேட்டிருந்தால் தலையைச் சொறிந்திருப்பாள்.

அழுக்குக் கருவிகள் சுவரில் இருந்த ஒரு சின்ன ஜன்னல் வழியாக உள்ளே வரும், சுத்தமானவை அதே வழியாக வெளியே போகும். வருகிற கருவியை வைத்தே ஆள் சிகரெட் பிடிப்பவரா, பல் தேய்க்கச் சோம்பல்படுபவரா என்று சொல்லிவிடுவாள். முகத்தை மட்டும் பார்த்ததில்லை. ஊரில் பாதிப் பேரின் வாய் அவளுக்குத் தெரியும், அந்தப் பாதிப் பேரில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது.

போன வருஷம் ஒரு நாள் உதவியாளர்கள் இரண்டு பேர் லீவு. பல் சுத்தம் செய்கிற ஹைஜீனிஸ்டுக்கு எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிக்க ஆள் இல்லை என்று அக்காவை முன்னறைக்குக் கூப்பிட்டார்கள். நாற்காலியில் ஒரு வயதான மனிதர் படுத்திருந்தார். கருவி சத்தம் ஆரம்பித்ததும் பயத்தில் அவளுடைய இடது மணிக்கட்டைப் பிடித்தவர், அரை மணி நேரம் விடவில்லை. எழுந்து போகும்போது, "கையை இழுத்துக்காம இருந்தியேம்மா, நல்லா இரு" என்றார். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போனவள் வெகு நேரம் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் ஹைஜீனிஸ்ட் ஆவதற்கு என்ன படிக்க வேண்டும் என்று விசாரித்தாள்.

இரண்டு வருஷப் பயிற்சி. ஊருக்கு வெளியே ஒரு பள்ளி. நாற்பது வயது நிறையாதவர்கள் விண்ணப்பிக்கலாம். அவளுக்கு முப்பத்தெட்டு. வெறும் விண்ணப்பம் போதாது, ஆறு பகுதி கொண்ட ஒரு கோப்பு தயார் செய்து, கடைசித் தேதிக்குள் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

முதல் ஐந்தை அவள் செய்த விதத்தைப் பார்த்தால் யாருக்கும் சீட்டு கொடுத்துவிடத் தோன்றும். படிப்புச் சான்றிதழ்களைத் தேதிவாரியாக அடுக்கினாள். பெரிய டாக்டர் நற்சான்றுக் கடிதம் கொடுத்தார். ஹைஜீனிஸ்ட் பக்கத்தில் நின்று பார்த்த நாற்பது மணி நேரத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் சேர்த்துச் சேர்த்து முடித்தாள். கைத்திறனைக் காட்ட ஒரு பல்லைச் செதுக்கித் தர வேண்டும். சோப்புக் கட்டியில் செதுக்க ஆரம்பித்து, ஐந்து கடைவாய்ப் பல்லைக் கெடுத்து, ஆறாவதைச் சரியாகக் கொண்டுவந்தாள். கெட்டுப்போன பற்களை வைத்து ஒரு மாதம் குளித்தாள். 'நான் ஏன் இந்தத் தொழிலுக்கு வர விரும்புகிறேன்' என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். மணிக்கட்டு விஷயத்தை எழுதவில்லை, வாய்ச் சுகாதாரத்தின் அவசியம் என்று பொதுவாக எதையோ எழுதி வைத்தாள்.

ஆறாவதுதான் வம்பு. ஒரு நபரின் வாயை ஆறு வாரம் தொடர்ந்து பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை அந்த நபர் ஒரு சிவப்பு மாத்திரையை மெல்லுவார். பல்லில் அழுக்கு இருக்கிற இடமெல்லாம் சிவந்துவிடும். அதை, பற்கள் வரைந்த ஒரு தாளில் அப்படியே குறித்து, எத்தனை சதவீதம் என்று கணக்கிட்டு, எப்படித் தேய்ப்பது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். வாராவாரம் சதவீதம் குறைந்தால் உனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிகிறது என்று அர்த்தம். அந்த நபர் தன் மருத்துவமனையின் நோயாளியாக இருக்கக் கூடாது. மற்றபடி யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். வேலை செய்யும் இடத்து டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

யாராக வேண்டுமானாலும் என்று எழுதியவர்கள் நல்லெண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள்.

அவளுக்குத் தம்பி ஒருவன் இருந்தான், வேறு தேசத்தில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, "சாப்டியாக்கா? சரி, வச்சிடறேன்" என்பான். வீட்டு ஓனர் கீழ்த்தளத்தில் இருந்தார், ஆனால் அவர் வாயில் இருந்ததெல்லாம் பெரிய டாக்டர் செய்துகொடுத்த பல்செட். ரிசப்ஷன் பெண்ணிடம் ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சுற்றி வளைத்துச் சொன்னாள். "அதுக்கென்னக்கா, புதன்கிழமை வரேன்" என்றாள் அவள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தப் புதன்கிழமை வரவில்லை. அடுத்த புதனும் வரவில்லை. "ஐயோ, மறந்தே போச்சுக்கா" என்று சொன்ன பிறகு மூன்றாம் முறை கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை. எதிர்வீட்டு வாசல் வரை போய் நின்றாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது, யாரோ சிரித்தார்கள். மணியில் விரலை வைத்தவள் திரும்பி வந்துவிட்டாள்.

இந்த இடத்தில் நமக்கே கோபம் வரும். கேட்டால் என்ன, குடியா முழுகிவிடும்? ஆனால் ஒன்பது வருஷம் யாரிடமும் எதுவும் கேட்காமல் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

கடைசித் தேதிக்கு முன்னால் ஆறே ஆறு புதன்கிழமை மிச்சம் இருந்தபோது அவள் மேஜைமேல் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தாள், டார்ச்சை ஒரு டப்பாமேல் நிறுத்தினாள், சிவப்பு மாத்திரையைத் தானே மென்றாள். கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத் தாளில் குறித்தாள். அறுபத்திரண்டு சதவீதம் வந்தது. பல் மருத்துவமனையில் வேலை செய்பவளுக்கு வெட்கக்கேடுதான். தாளின் தலைப்பில் நபரின் பெயர் என்று இருந்தது. ஒரு பெயரை எழுதினாள். இல்லாத ஆளின் பெயர் நமக்கெதற்கு. வயது முப்பத்தைந்து, உறவு தோழி.

ஒவ்வொரு வாரத்துக்கும் 'நபர் சொன்னது' என்று நாலு வரி இடம் விட்டிருந்தார்கள். முதல் வாரம், காலையில் நேரமே கிடைப்பதில்லை என்கிறார் என்று எழுதினாள். இரண்டாம் வாரம், சிவந்த பல்லைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சிரித்தார் என்று எழுதினாள். மூன்றாம் வாரம் தோழி மழையில் நனைந்து வந்தாள், துண்டு கேட்டாள். நாலாம் வாரம் தன் வேலையிடத்துச் சண்டையைப் பற்றிப் பேசி நேரத்தைக் கடத்திவிட்டாள். நாலு வரி போதாமல் தாளின் ஓரத்திலும் எழுத வேண்டியிருந்தது. புதன்கிழமை வேலை முடிந்ததும் அக்கா நேராக வீட்டுக்கு வந்து அறையைப் பெருக்கினாள், மேஜைக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டாள். ஐந்தாம் வாரம் தன் நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறப்பதற்கு முன்னால், "லேட்டாயிடுச்சா?" என்று தன்னையறியாமல் கேட்டுவிட்டாள். தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள்.

ஆறாம் வாரம் பதினெட்டு சதவீதம்.

கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை காலை பெரிய டாக்டரிடம் கோப்பை நீட்டினாள். அவர் ஆறு தாளையும் வரிசையாக மேஜைமேல் பரப்பினார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார்.

"உங்க தோழி இடது கைப் பழக்கமா?"

"இல்லையே டாக்டர்."

"வலது கைக்காரங்களுக்கு வலது பக்கந்தான் அழுக்கு நிக்கும், கை சரியா வளையாது. இவங்களுக்கு எல்லாம் இடது பக்கம் நிக்குது. கீழ இடது கடைவாய்ப் பல் ஒண்ணு இல்ல."

டாக்டர் ஒரு தாளை எடுத்து, எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டிமேல் வைத்தார். பிறகு அதைக் குப்புறத் திருப்பி வைத்தார். வெளிச்சத்தில் பற்கள் பக்கம் மாறித் தெரிந்தன. எதிரே இருப்பவர் வாயைப் பார்த்து வரைகிற தாள் அது. கண்ணாடியில் தெரிவதை அப்படியே வரைந்தால் இடம் வலமாகிவிடும். வரைந்து பழகாதவளுக்கு அது எப்படித் தெரியும்.

"இந்த வாய் எனக்குத் தெரியும்" என்றார் டாக்டர். "இந்தப் பல்லைப் பிடுங்கினது நாந்தான்."

நீராவிப் பெட்டி பின்னறையில் பெருமூச்சு விட்டது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லாத ஆளுக்கு நான் கையெழுத்துப் போட முடியாதும்மா." குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் சுட்டது. "ஆறு வாரத்துல ஒரு ஆள் கிடைக்கலையா?"

"கேக்கல டாக்டர்."

"ஏன்?"

"முடியாதுன்னு சொல்லிட்டா, அப்புறம் அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறது."

அவர் பேனாவை மூடினார். "உங்க வாய்னே எழுதிக் கொண்டாங்க. அதுக்குப் போடறேன். அவங்க எடுத்துப்பாங்களான்னு எனக்குத் தெரியாது."

அன்று மாலை புதுத் தாள்களை எடுத்து, இடது வலதைச் சரிசெய்து எல்லாவற்றையும் மறுபடி குறித்தாள். நபரின் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். படம் வரைவது சுலபமாகத்தான் இருந்தது. 'நபர் சொன்னது' என்ற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. மழையில் நனைந்து வந்ததையும் துண்டு கேட்டதையும் சிரித்ததையும் இப்போது எழுத முடியாது. தான் என்ன சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தாள். அந்த ஆறு புதன்கிழமையிலும் அவள் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆறு தாளிலும் ஒன்றுமில்லை என்று எழுதினாள். இல்லாத ஒருத்தி போய்விட்டாள் என்று ஒரு பெண் உட்கார்ந்து அழுதாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அவள் அழுதாள்.

மறுநாள் காலை டாக்டர் சொன்னபடி கையெழுத்துப் போட்டார். அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். வரிசையில் நின்றதெல்லாம் பத்தொன்பது இருபது வயசுப் பெண்கள், கூடவே அம்மாக்கள், தண்ணீர் பாட்டில்கள். கவுண்டரில் இருந்த அலுவலக அம்மாள் நிதானமாக ஒவ்வொரு பகுதியாகப் பார்த்தாள். சோப்புப் பல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "நல்லா இருக்கே" என்றாள். ஆறாவதில் அவள் முகம் மாறியது.

"இதுல உங்க பேரே இருக்கு."

"ஆமாங்க. வேற யாரும் கிடைக்கல."

"வேற ஒருத்தரா இருக்கணும், அதுதானே விஷயம். உங்களுக்கு நீங்களே சொல்லிக்கறதுக்குப் பயிற்சி எதுக்கு?" கிண்டலாகச் சொல்லவில்லை, விதியை விளக்கினாள். "இந்த வருஷம் எடுத்துக்க முடியாதுங்க. ஆனா மத்த அஞ்சும் அடுத்த வருஷத்துக்குச் செல்லும், திரும்பச் செய்ய வேண்டாம். வயசுப்படி பாத்தா அதுதான் உங்களுக்குக் கடைசி வாய்ப்பு. முழுசா ஒரு வருஷம் இருக்கு. ஒரே ஒரு ஆள்தானே, கிடைக்காமயா போயிடும்?"

கோப்பு அவள் பக்கம் திரும்பி வந்தது. எடுத்துக்கொண்டு நகர வேண்டியதுதான். காதெல்லாம் சூடாகிவிட்டது. பின்னால் இருபது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்குமேல் போக மானம் என்று ஒன்று மிச்சமில்லை என்று தோன்றியதாலோ என்னவோ, அவள் நகரவில்லை.

"நீங்க வரீங்களா?" என்று கேட்டாள்.

"எங்க?"

"எனக்கு. வாயைக் காட்ட."

அலுவலக அம்மாள் சட்டென்று உதட்டை மூடிக்கொண்டாள். பிறகு கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு சிரித்தாள். "நாங்க வரக்கூடாதுங்க. இங்க வேலை செய்யறவங்க யாருமே கூடாது."

முடியாது என்று ஒருத்தி சொல்லிவிட்டாள். வலிக்கவில்லை என்றால் பொய். ஆனால் தலையில் இடி ஒன்றும் விழவில்லை, தரையும் பிளக்கவில்லை. அலுவலக அம்மாள் அடுத்த கோப்புக்குக் கையை நீட்டினாள்.

அடுத்து நின்ற பெண்ணின் அம்மா அந்தக் கோப்பைக் கொடுக்காமல் அக்காவின் முழங்கையைத் தொட்டாள். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். "என் வாய் ஆகுமா?" என்று கேட்டாள்.

"அம்மா, சும்மா இரு" என்றாள் மகள்.

"நீ இரு. இவளுக்கு நாந்தான் ஆறு வாரம் வாயைத் திறந்தேன். ஒரே ஆள் ரெண்டு பேருக்கு வரலாமா, கூடாதா?" என்று கவுண்டரைப் பார்த்துக் கேட்டாள். வரலாம், அடுத்த வருஷத்துக்குத்தானே என்றாள் அலுவலக அம்மாள்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றாள் அக்கா. இவ்வளவு கேட்டுவிட்டு, கிடைக்கும்போது அதைத்தான் சொல்ல வந்தது.

அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சிரமம் என்ன. வாரா வாரம் இவ லைட்டப் பிடிச்சிட்டு உக்காந்து, ஒவ்வொரு பல்லா பாப்பா. அவ்வளவு கிட்ட வந்து, அவ்வளவு நேரம், என் முகத்தை யாருமே பாத்தது கிடையாது. அடுத்த மாசம் இவ ஹாஸ்டலுக்குப் போயிடுவா." கைப்பையின் பிடியை ஒரு தரம் முறுக்கிவிட்டாள். "நானும் வீடும்தான்."

அக்கா பேனாவை எடுத்தாள். கோப்பின் அட்டையில் அந்த அம்மாவின் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டாள். உச்சரித்துக் காட்டச் சொல்லி, சரிபார்த்து எழுதினாள்.

"ஆறு வாரந்தான், இல்ல?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"ஒரு வருஷம் இருக்குங்க" என்றாள் அக்கா.