காலித் தட்டும் ஒரு போட்டோவும்

மலேசியாவில், யோங் பெங்கில் என் பக்கத்து வீட்டு லீசா பிலிப்பீன்ஸ்காரி. அவளுடைய அமெரிக்க மருமகன் போன வருஷம் முதல்முறையாக வந்தான். ஆட்டுக்கறி என் கையால்தான் வேண்டும் என்றாள். காலையிலிருந்து அவள் வீட்டு அடுப்படியில் வெந்தேன்.

அவன் காரைவிட்டு இறங்கியதும் அவள் சொந்தபந்தம் மொத்தமும் சூழ்ந்துகொண்டது. ஒரே சிரிப்பு, ஒரே போட்டோ. "சிஸ்டர், நீங்க எடுங்க லா" என்று போனை என் கையில் திணித்தாள் லீசா. ஒரு படத்திலும் நான் இல்லை. பிறகு, "அவர் சாப்பிட்டதும் நீங்க கிச்சன்ல சாப்பிடலாம்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கை கழுவ வந்த மருமகன், "இவங்க மனசு நோகாம எப்படி நடந்துக்கணும், ஆன்ட்டி?" என்று கேட்டான்.

"தட்டுல ஒண்ணும் மிச்சம் வைக்காதப்பா" என்றேன்.

லீசா வீட்டு ஆட்களும் நம்மைப் போலத்தான். தட்டு காலியானால் மறுபடி நிரப்புவார்கள். அதை மட்டும் நான் சொல்லவில்லை.

நான்காவது தடவை நிரப்பியபோது அவன் வியர்த்துக் கொட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். பதறிப்போய் கிளினிக்குக்குக் காரை ஓட்டியது நான்தான். "வயிறு முட்டிப்போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். எனக்கு உயிர் வந்தது.

வீடு திரும்பினால் லீசாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க ஆளு மாதிரியே சாப்பிட்டாரு" என்றபடி மறுபடி போனை நீட்டினாள். நான் வாங்கவில்லை. மருமகன் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "நீ எடு" என்றேன்.

இப்போதெல்லாம் யார் வீட்டு விசேஷமானாலும் முதலில் படத்தில் நின்றுவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் போகிறேன். அன்றைய படத்தைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறேன். அதில் லீசா இல்லை.