நல்லாத்தாளுக்குள் இருந்த எங்கள் அண்ணன்

பூண்டிக் கோயில் ஈசனையும் முருகனையும் வணங்கி இதை எழுதுகிறேன். எங்கள் அண்ணன் அவர்கள் இறைவன் திருவடி சேர்ந்து ஓர் ஆண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கும் உற்றார் உறவினர்க்கும், பனியன் கம்பெனி நண்பர்களுக்கும், தங்கையாகிய என் வணக்கம்.

முகப்புப் படத்தைப் பார்த்து, "இது யாருங்க?" என்று உங்களில் பாதிப் பேர் கேட்பீர்கள். அச்சகத்துக்காரரே கேட்டார். படம் தேடி வீட்டையே புரட்டிப் போட்டோம். கிடைத்ததில் எல்லாம் அண்ணன் சேலை கட்டி, கொண்டை போட்டு, வாய் நிறைய வெற்றிலையோடு, நல்லாத்தாள் என்ற தன் நாடக வேடத்தில் நிற்கிறார். வேட்டி சட்டையோடு இருப்பது கல்யாணப் படம் ஒன்றுதான். அதிலிருந்து அண்ணியை வெட்டி எடுத்துவிட்டுத்தான் இதை அச்சிட வேண்டியிருந்தது. அண்ணி முகம் சுளிக்காமல் சம்மதித்தார்கள்.

அண்ணன் அவர்கள் பிறந்தது திருமுருகன்பூண்டிக்குப் பக்கத்தில், தறிக்காரக் குடும்பத்தில். நூல் கிடைக்காமல் அப்பாவின் தறி நின்றபோது நாங்கள் திருப்பூருக்கு வந்தோம். அண்ணனின் படிப்பும் அத்தோடு நின்றது. பனியன் கம்பெனியில் துணி அடுக்கப் போனவர், சில வருடங்களில் கட்டிங் மாஸ்டர் ஆனார். அளவு அட்டை வெட்டியது போக மீந்த துண்டு அட்டைகளில் நாடகம் எழுதுவார். எல்லாம் சிரிப்பு நாடகம்தான். சோற்றுக்கு உட்கார்ந்தாலும் வசனம் சொல்லிப் பார்ப்பார். "பைத்தியம் முத்திப் போச்சு" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

கம்பெனியில் ஆயுத பூசை அன்று மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்து, மாலையில் தொழிலாளர்கள் நாடகம் போடுவார்கள். ஒரு வருடம் பெண் வேடக்காரருக்குக் காய்ச்சல். வேறு ஆள் இல்லாமல் அண்ணனே அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். நல்லாத்தாள் பிறந்தது அன்றைக்குத்தான். நல்லாத்தாள் எதற்கெடுத்தாலும் அழுவாள். பால் பொங்கினால் அழுவாள், மருமகள் சிரித்தால் அழுவாள். மாரில் கை வைத்து, "அய்யோ சாமி, நா எங்க போவேன், என்ன பண்ணுவேன்" என்று இழுப்பாள். அது அப்படியே எங்கள் அம்மாவின் அழுகை. முன்வரிசையில் இருந்த அம்மாவே, "பாவி, என்னையாட்டவே அழுவறான் பாரு" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

அப்புறம் காங்கயம், தாராபுரம், அவிநாசி என்று எங்கே கோயில் நோம்பி நடந்தாலும் நல்லாத்தாளைக் கூப்பிட்டார்கள். எழுதுவதும் அண்ணன், நடிப்பதும் அண்ணன். வானொலியிலும் பேசினார். பேரும் புகழும் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அண்ணன் என்ற ஆள் காணாமல் போய்விட்டார். ரேசன் கடையில் எடை குறைகிறது என்று நியாயம் கேட்டால், கடைக்காரரில் இருந்து வரிசையில் நிற்பவர் வரை சிரிப்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் அண்ணியின் அப்பா காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "மாப்ள, ஒருக்கா நல்லாத்தா மாதர அழுது காட்டுங்க பாக்கலாம்" என்றார். அண்ணனும் அழுது காட்டினார். எனக்கு அந்தக் காப்பியை அண்ணியின் அப்பா தலையில் ஊற்றலாம் போல இருந்தது.

அம்மா இறந்தபோது நடந்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வெளியூர் நாடகத்துக்குப் போயிருந்த அண்ணன் ஓடி வந்து, அம்மாவின் கால்மாட்டில் விழுந்து கதறினார். "அய்யோ சாமி, நா எங்க போவேன், என்ன பண்ணுவேன்." எத்தனையோ மேடையில் அழுது அழுது, அவருக்கு வேறு அழுகையே வராமல் போயிருந்தது. சுற்றி இருந்த பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். ஒருத்திக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வெடித்துவிட்டது. அண்ணன் சட்டென்று நிறுத்திவிட்டார். 

பதினாறாம் நாள் காரியம் முடிந்து என்னிடம் சொன்னார்: "அம்மிணி, என்ர தொண்டையில என்ர குரலே இல்ல. ஒரு தடவையாச்சும் மேடையில நானா நின்னு பேசோணும். அதுக்கு நல்லாத்தா சாகோணும்."

"சாகடிச்சுப் போடுங்கண்ணா, தலைமுழுகலாம்" என்றேன்.

அடுத்த ஆயுத பூசைக்கு அப்படியே எழுதினார். முதல் பாதியில் நல்லாத்தாள் செத்துப் போவாள். பாடையில் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். பிறகு அண்ணன் சேலையைக் களைந்து, வேட்டி சட்டையோடு, அவள் மகனாக வெளியே வந்து தன் குரலில் தாயைப் பற்றிப் பேசுவார். வெள்ளை வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் படுதாவுக்குப் பின்னால் காத்திருந்தேன்.

பாடையைத் தூக்கினார்கள். கூட்டத்தில் இருந்து ஒரு பெரியவர் எழுந்து கையை நீட்டினார்.

"ஏனுங், நில்லுங்க! பொறந்த ஊட்டுக் கோடி வந்துருச்சுங்களா? கோடி போடாம எப்படீங்க எடுப்பீங்க?"

செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் புதுச்சேலை கொண்டுவந்து போர்த்தாமல் எங்கள் பக்கம் யாரும் பிணத்தை எடுப்பதில்லை. எல்லாவற்றையும் யோசித்து எழுதிய அண்ணன் அதை மறந்துவிட்டார். நல்லாத்தாளுக்குப் பிறந்த வீடென்று ஒன்றை அவர் எந்த நாடகத்திலும் எழுதியதும் இல்லை. நாடகம்தானே என்று தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதானே? தூக்கிய நான்கு பேரும் கட்டிங் செக்சன் ஆட்கள். "அதுவும் நாயந்தானுங்களே" என்று பாடையை இறக்கி வைத்துவிட்டார்கள்!

கூட்டம் சலசலத்தது. அப்போது தையல் செக்சன் பெண்கள் நாலைந்து பேர், கம்பெனியில் அன்று கொடுத்த புதுச்சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு மேடை ஏறினார்கள். "நல்லாத்தாளுக்கு நாங்கதானுங்க பொறந்த ஊடு" என்று ஒருத்தி சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை, அவள் கண் கலங்கியிருந்தது. சேலையைப் போர்த்தினார்கள். கூட்டமே அடங்கிவிட்டது. இனி தூக்கிவிடுவார்கள், அண்ணன் வந்து வேட்டியை வாங்கிக்கொள்வார் என்று நான் அதை உதறிப் பிரித்தேன்.

பாடையில் இருந்து நல்லாத்தாள் ஒரு கண்ணைத் திறந்தாள். சேலையின் கரையை விரலால் தடவிப் பார்த்தாள். "ஏஞ்சாமி, சாயம் போவுமாட்ட இருக்குதுங்களே! இதக் கட்டீட்டு நா எப்படீங்க மேல போவேன்? அய்யோ சாமி, என்ன பண்ணுவேன்!"

கொட்டகை அதிர்ந்தது. சனங்கள் எழுந்து குதித்தார்கள். முதலாளி தொடையைத் தட்டிக்கொண்டு, "நல்லாத்தாளுக்குச் சாவே இல்லப்பா!" என்று கத்தினார். நல்லாத்தாள் எழுந்து உட்கார்ந்து, மீதி நாடகத்தையும் அவளாகவே முடித்தாள். நான் வேட்டியை மடித்து வைத்தேன்.

"ஏண்ணா இப்படிப் பண்ணீங்க? தூக்கத்தானே போனாங்க!" என்று நாடகம் முடிந்ததும் சண்டை பிடித்தேன்.

அண்ணன் முகத்துச் சாயத்தைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் சத்தமில்லாம இருந்தாங்க அம்மிணி. எனக்குத் தாங்குல. வாயி சும்மா இருக்க மாட்டீங்குது."

அதன்பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. சாகும்வரை நல்லாத்தாள்தான்.

பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் சனங்கள் விடவில்லை. மூச்சு வாங்கும் மனிதரிடம் நர்சம்மா வந்து, "ஒரே ஒரு தடவை அழுது காட்டுங்க" என்றார். அண்ணன் அழுது காட்டினார். பக்கத்துக் கட்டில்காரர்கள் கை தட்டினார்கள். நான் நர்சம்மாவை நன்றாக ஏசிவிட்டேன். அவர் மன்னிக்க வேண்டும்.

எல்லோரும் போன பிறகு அண்ணன் என்னை அருகே கூப்பிட்டார். "கண்ணு, தண்ணி குடு."

கொடுத்தேன். குடித்துவிட்டு, "இப்பப் பேசுனது யாரு?" என்று கேட்டார்.

"நீங்கதானுங்கண்ணா. வேற யாரு?"

"நல்லாக் கேட்டுச் சொல்லு" என்று மறுபடியும், மெதுவாக, "தண்ணி குடு கண்ணு" என்றார்.

நன்றாகக் கேட்டேன். அது எங்கள் அம்மா தண்ணீர் கேட்கிற குரல். அதே இழுப்பு. நான் டம்ளரை நிரப்பி நீட்டினேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அவர் என்னோடு பேசியது அதுதான் கடைசி.

நோயில் உடனிருந்து பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், அந்த நர்சம்மாவுக்கும், ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்து அண்ணனைத் தோளில் சுமந்த கட்டிங் செக்சன் சகோதரர்களுக்கும், காரியம் முடியும்வரை எங்கள் வீட்டுக்கு உலை வைக்க விடாமல் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், ஆயுள் முழுக்கப் பொறுமையாய் இருந்த அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரு வேண்டுகோள். பந்தியில் உட்கார்ந்து நல்லாத்தாள் கதையைப் பேசிச் சிரியுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் சேலை கட்டுவதற்கு முந்திய காலத்தில், கம்பெனிக்குப் போன புதிதில், எங்கள் அண்ணன் தன் குரலில் பேசி உங்களில் யாராவது கேட்டிருந்தால், இலை போடுவதற்கு முன் என்னிடம் ஒரு நிமிடம் வாருங்கள். அது எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். கூடப் பிறந்த எனக்கே நினைவில்லை.