உள்ளான்கள் இறங்கும் சதுப்பு

“ஐப்பசி 17. மழை விட்ட காலை. சதுப்பில் உள்ளான்கள் இறங்கிவிட்டன.”

என் நாட்குறிப்பின் இந்த வரி உண்மை. அதைத் துப்பாக்கி வைத்திருந்த ஒருவரிடம் போய்ச் சொன்னேனே, அதுதான் குற்றம். ஆம்... அந்தப் பறவைகளைக் காட்டிக்கொடுத்தவன் நான்!

இலங்கையில், யட்டியாந்தோட்டைக்குக் கீழே ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தேன். தோட்டத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே கிடந்தது அந்தச் சதுப்பு. நீர்நாய், கானாங்கோழி, மீன்கொத்தி... வேலை முடிந்த மாலைகளில் அவற்றைப் பார்த்துத் தேதியிட்டு எழுதுவதே என் இன்பம். எல்லாவற்றிலும் எனக்குப் பிரியமானது உள்ளான். எங்கோ வடதேசத்திலிருந்து மாரி மழையோடு வந்து, நீண்ட அலகால் சேற்றைக் குத்தி இரை தேடும் சிறு பறவை.

புதிதாக வந்த துரை, கான் என்னும் வடிகால் வெட்டித் தண்ணீரை ஆற்றில் இறக்கிவிட்டு, சதுப்பிலும் ரப்பர் நடச் சொன்னார். திங்கட்கிழமை வேலை தொடங்க வேண்டும். பறவைகளுக்கு இரங்குங்கள் என்றால் கேட்பாரா? நீங்களே சொல்லுங்கள்!

அந்தத் திங்கட்கிழமை காலை துரையின் பங்களாவுக்குப் போனபோது, சுவரில் தொங்கிய துப்பாக்கியைப் பார்த்தேன்.

“தொரைகளே, கான் வெட்டிட்டா உள்ளான் சுட எடம் இருக்காதுங்க.”

“உள்ளான்? நெசமா இங்கே வருதா, கிளாக்கர்?”

“வருஷா வருஷம் வருதுங்க. இந்த வருஷமும் எறங்கிடுச்சுங்க.”

கான் வேலை நின்றது. கங்காணி முத்தையா சிரித்தார்: “சேத்துக்கு வக்கீலாப் போயி செயிச்சிட்டீங்களே, கிளாக்கரய்யா! அடுத்து அட்டைக்கும் பேசுவீங்களா?”

அன்று நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். இன்றும் நிமிர்ந்தே சொல்கிறேன்: அக்கம்பக்கத் தோட்டங்களின் சதுப்புகளெல்லாம் ரப்பராகிவிட்டன, எங்களுடையது மட்டும் இருக்கிறது. நீர்நாய் இன்னும் குட்டிகளோடு நீந்துகிறது. காத்தது என் ஒரு சொல்!

ஆனால் ஒவ்வொரு மாரியிலும் துரை என்னை முன்னே நடக்கச் சொன்னார். அவை இறங்கும் இடம் எனக்குத்தானே தெரியும்! காட்டினேன். வெடித்தது.

முதல் வேட்டையன்று முத்தையா ஒரு வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தார். “தொரை உங்க பங்குன்னு குடுத்தாருங்க.”

பிரித்தேன்... சுடப்பட்ட உள்ளான்; உடலின் சூடு ஆறவில்லை. என்ன செய்தேன் தெரியுமா? அலகை அளந்து எழுதிக்கொண்டேன். பிறகு குழம்புக்குக் கொடுத்தேன்!

அந்தத் திங்கட்கிழமை மறுபடி வந்தால்? மறுபடியும் அதையே சொல்வேன்.

ஆண்டுதோறும் அந்தச் சேற்றில் இறங்குவது, முந்திய மாரியில் குண்டுக்குத் தப்பிப் போன அதே பறவைகள்தானா? இடத்தை நம்பித்தான் திரும்புகின்றனவா?... தேடிப் படித்த நூல்களில் விடை இல்லை. இதைப் பற்றி நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவே: உறுதி செய்யப்படவில்லை.